சோத்தாங்கை வண்டி

இதை எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் மலைக்கோ கடலுக்கோ போய்வந்து எழுதுகிறார்கள். நான் போனது திருப்புலிவனத்திலிருந்து காஞ்சிபுரம் வரைக்கும்தான். இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஆனால், நடக்க முடியாதவர்களுக்குக் கொடுக்கும் மூன்று சக்கர வண்டியை வாங்க எங்களைப் போல இன்னும் சிலர் இதே வழியில் போகப் போகிறார்கள். அவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி என் அக்கா அலமேலுவுக்கு. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவளுடைய இரண்டு கால்களையும் வலது தோளையும் எடுத்துக்கொண்டது. வலது கை விரல்கள் நன்றாக இருக்கின்றன, ஊசியில் நூல் கோப்பதில் அவளுக்கு இணை கிடையாது. ஆனால் அந்தக் கையைத் தூக்கவோ தள்ளவோ வராது. இடது கைதான் அவளுக்குக் கால். அதை ஊன்றித்தான் வீடு முழுக்க நகர்வாள்.

உத்திரமேரூர் பஜாரில் ஒரு டைலர் அவளுக்குக் காஜா எடுக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். "தானா வந்து தானா போறதா இருந்தா வரட்டும்மா. தெனமும் யாராவது தூக்கினு வந்து எறக்கறதுன்னா நமக்கு பேஜாரு. பங்குனி முடியறவரிக்கும் எடம் வெச்சிருக்கேன்" என்றார். எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கடை நான்கு கிலோமீட்டர். அக்கா அதுவரை வாசலைத் தாண்டித் தனியாகப் போனதே இல்லை.

வண்டியை வாங்கிக்கொள்ளச் சொல்லி மாசி கடைசியில் தகவல் வந்தது. காலை ஆறே முக்கால் பஸ்ஸில் கிளம்பினோம். டிக்கெட் ஆளுக்கு இரண்டு ரூபாய். எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் அக்காவை முதுகில் சுமந்து ஏறினார். பின்படியில் ஏறாதீர்கள், முன்படிதான் தாழ்வு. டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், காலை நீட்டிக்கொள்ளலாம். மாகறல் வரை சாலை குலுக்கியெடுக்கும். பாலாறு தாண்டும்போது அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நைனா, நாளையிலர்ந்து உன் முதுவுக்கு லீவு. நல்லா நிமிந்து நட. கூனு வுயுந்து கீது பாரு" என்றாள். நைனா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

பஸ் நிலையத்திலிருந்து வண்டி கொடுக்கும் அரசாங்க அலுவலகத்துக்கு ரிக்‌ஷாவில் போகலாம். மூன்று ரூபாய் கேட்பார்கள், இரண்டுக்கு வருவார்கள். அங்கே பந்தல் போட்டிருந்தார்கள். வண்டிகளை வழங்கப் பத்து மணிக்கு வருவதாக இருந்த விருந்தினர் ஒரு மணிக்கு வந்தார். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே கிடைக்காது. புது பெயிண்ட் மணத்தோடு வண்டிகள் வரிசையாக நின்றன. அக்காவைத் தூக்கி ஒன்றில் உட்காரவைத்து, மாலை போட்டு, போட்டோ எடுத்தார்கள். கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகுதான் அவள் ஓட்டிப் பார்த்தாள். சுற்றுகிற கைப்பிடி வலது பக்கம் இருந்தது. இடது கைக்குத் திருப்புகிற கம்பி. வலது கையை அவள் இடது கையால் எடுத்துக் கைப்பிடிமேல் வைத்தாள். விரல்கள் பிடித்துக்கொண்டன. வண்டி நகரவில்லை. பிறகு இடது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டிச் சுற்றினாள். வண்டி ஓடியது, ஆனால் திருப்பக் கை இல்லை. நேரே போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"பி.ஏ. படிச்சவ நீதான, போய்க் கேளு" என்றார் நைனா. எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. எப்படியோ கேட்டேன். அங்கிருந்த ஊழியர் கோபப்படவில்லை. "அளவெடுக்கற கேம்ப்லயே, எந்தக் கையால சுத்துவே, அதை நீட்டுன்னு கேட்டோமேம்மா. வலது கையைத்தானே நீட்டினாங்க?" என்றார்.

அந்த முகாமுக்கு அக்காவும் நைனாவும் போயிருந்தார்கள், எனக்கு அப்போது பரீட்சை. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் நைனாவைப் பார்த்தாள்.

"டாக்டரு எதிர்ல எப்பிடிம்மா பீச்சாங்கைய நீட்டறது?" என்றார் நைனா மெதுவாக. "மரியாத இல்லியே. நான்தான் சோத்தாங்கையத் தூக்கிப் புடிச்சேன்."

பீச்சாங்கை என்றால் இடது கை. சோறு உண்கிற கைதான் சோத்தாங்கை. பெரியவர்களிடம் வாங்குவதும் கொடுப்பதும் அந்தக் கையால்தான் என்று சின்ன வயதில் அடித்துச் சொல்லித்தந்ததும் நைனாதான். தூக்க வராத அந்தக் கையை டாக்டர் முன்னால் அவரே தூக்கிப் பிடித்திருக்கிறார், விரல்களும் மடங்கி விரிந்திருக்கின்றன.

இடது கை வண்டி இந்த முறை வரவில்லையாம். இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த முறை பார்க்கலாமாம். அடுத்த முறை எப்போது என்று அந்த ஊழியருக்கே தெரியவில்லை. கைக்கு வந்ததை விட்டுவிட்டுப் போக நைனாவுக்கு மனம் வரவில்லை.

மூன்றரை பஸ்ஸில் வண்டியை மேலே ஏற்றினோம். லக்கேஜ் நான்கு ரூபாய். கயிறு நீங்களே கொண்டுபோங்கள். கண்டக்டர் கட்டிக்கொண்டே, "இன்னா நைனா, தேரையே ஓட்டினு வந்துட்ட?" என்றார்.

"தேருதாண்ணா. வடம் புடிக்க ஆளு வேணும், வரியா?" என்றாள் அக்கா. பஸ்ஸே சிரித்தது. அதற்குப் பிறகு ஊர் வரும்வரை நைனா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

உத்திரமேரூரில் சைக்கிள் கடைக்காரரிடம் காட்டினோம். செயின், பிரேக் எல்லாம் வலது பக்கமாகவே அமைந்திருக்கிறது, வெட்டி வெல்டிங் வைத்தால் சட்டம் ஆள் எடை தாங்காது என்று கைவைக்க மறுத்துவிட்டார். நான் தினமும் தள்ளிக்கொண்டு போகிறேன் என்றேன். "தள்ளினு போறதுக்கு வண்டி எதுக்குடி? நைனா முதுவு இல்ல?" என்றாள் அக்கா. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். வண்டி மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. நைனா தினமும் துடைக்கிறார். அவள் அந்தப் பக்கம் போவதில்லை.

போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. முகாமில் கையை நீட்டச் சொன்னால் மரியாதை பார்க்காதீர்கள். வேலை செய்கிற கையை நீட்டுங்கள். வண்டியில் உட்கார்ந்து சுற்றிப் பார்க்காமல் மாலைக்குக் கழுத்தை நீட்டாதீர்கள்.

இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், கேட்கக் கூச்சப்பட்டு இத்தனை தூரம் வந்துவிட்டேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது, இல்லை உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது, வலது கை நன்றாக இருந்து இடது கை வண்டி வந்து சேர்ந்திருக்கலாம். அது உங்கள் வீட்டிலும் சும்மா நின்றுகொண்டிருக்கலாம். அப்படியானால் மாற்றிக்கொள்வீர்களா? பங்குனி முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. நீங்கள் வரவேண்டாம். எந்த ஊராக இருந்தாலும் நானும் நைனாவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறோம்.