மருந்துச் சீட்டு ஒட்டிய சுவர்

என் அக்கா வீட்டுக்காரர் பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவர். இருபத்திரண்டு வருடமாக அதே கடை, அதே கவுண்டர். கடையில் அவருக்கு 'சுவர் டாக்டர்' என்று பட்டப்பெயர். வருகிறவர் டின் என்ன விலை என்று கேட்டால், இவர் சுவரின் பூர்வீகத்தை விசாரிப்பார்.

"உள்ள என்ன அடிச்சிருக்கு? ஆயிலா, வாட்டரா? தெரியாதா? பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் தேச்சுப் பாருங்க. கலர் பஞ்சுல வந்தா வாட்டர், வரலைன்னா ஆயில். ஆயில் மேல வாட்டர் சும்மா ஒட்டாது சார். பளபளப்பு போற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், பிரைமர் அடிக்கணும், அப்புறம்தான் மத்ததெல்லாம்."

நம்பாதவர்களுக்கு ஒரு பரீட்சையும் உண்டு. காய்ந்த பெயிண்டில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, மேலே டேப் ஒட்டி, வெடுக்கென்று இழுப்பார். பெயிண்ட் டேப்போடு வந்துவிட்டால், "சுவரும் பெயிண்டும் இன்னும் பேச்சுவார்த்தையிலதான் இருக்கு" என்பார். இந்த ஜோக்கை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் முதலில் சிரித்தது அவர்தான்.

ஊரார் சுவரை இப்படித் தாங்குகிறவர் தன் வீட்டுச் சுவரை என்ன செய்தார் தெரியுமா? கலவை தப்பி, வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்த ஆயில் பெயிண்ட் டின்களை முதலாளி சும்மா கொடுப்பார். அதெல்லாம் அவர் வீட்டுக்குத்தான் வரும். படுக்கையறையில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து நிறம். கடைசியாக அடித்தது யாரோ வேண்டாமென்ற ஒரு பாசிப்பச்சை. கல்யாணமான புதிதில் அக்கா வெண்ணெய் நிறம் கேட்டாள். அப்போது வந்திருந்த டின்னைக் காட்டி, "இதுவும் நல்லாத்தானே இருக்கு. அழுக்கானா தொடச்சா போயிடும்" என்றார். அவளும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு வந்த இருமல் போகவேயில்லை. நுரையீரலில் தழும்பு என்றார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்ப மூன்று நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை, டாக்டர் அவள் படுக்கும் அறையைப் பற்றிக் கேட்டார். மாமா போனில் இருந்த படத்தைக் காட்டினார். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், பச்சையின் மேல் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்.

"இந்தப் பூஞ்சைக்குப் பக்கத்துல இவங்க படுக்கவே கூடாது. சுத்தம் பண்ணி பெயிண்ட் அடிச்சிடுங்க. ஆனா ஆயில் வாடை, தூசி எதுவும் ஆகாது" என்றார் டாக்டர்.

"டாக்டர், நான்தான் இருபத்திரண்டு வருஷம் அந்த வாடையில வச்சிருந்தேன். அதனாலதான் வந்துச்சா?"

"அப்படிச் சொல்ல முடியாது."

"இல்லைன்னும் சொல்ல முடியாதா?"

டாக்டர் அடுத்தவருடைய ஃபைலைத் திறந்தார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவளால் ஏற முடியாது. அவர்கள் வீட்டின் இன்னொரு அறை அடுப்படியோடு சேர்ந்தது, புகை அடைக்கும். வேறு போக்கிடமில்லை.

அன்றைக்கே லீவு போட்டுவிட்டு நானும் மாமாவும் வேலையில் இறங்கினோம். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது என்றார். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் மூன்று சுவரையும் பளபளப்பு போகத் தேய்த்து, துடைத்து, வாடையில்லாத வாட்டர் பிரைமரும் அடித்துவிட்டோம். தோள்பட்டை கழன்றுவிட்டது. மிச்சம் தலைமாட்டுச் சுவர் மட்டும்தான்.

அதில் உப்புத்தாளை வைத்ததும் பச்சை உப்பிக்கொண்டு, காரையோடு பெயர்ந்து கையில் வந்தது. உள்ளே ஈரம். அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் எங்கேயோ கசிந்துகொண்டிருந்தது.

"குழாயை மாத்தணும். ஐஞ்சு கோட் பெயிண்டையும் சுரண்டி எடுக்கணும். சுவர் காய ஒரு மாசம் ஆகும்" என்றார்.

"நாளன்னைக்கு அக்கா வர்றா மாமா."

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஒரு வாரம் கூடக் கேட்டார். படுக்கைக்கு ஆள் காத்திருக்கிறது என்றார்கள். போனை வைத்துவிட்டுச் சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். சுவரைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவ்வளவும் தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிறகு எழுந்து பூஞ்சையைப் பிளீச்சிங் தண்ணீரில் துடைத்தார். பெயர்ந்த இடத்தில் பட்டிப் பசையை அப்பி நிரப்பினார். தேய்க்காத பச்சையின் மேலேயே வாட்டர் பிரைமரை ரோலரால் இழுத்தார். எண்ணெய்ப் பாத்திரத்தில் விட்ட தண்ணீர் மாதிரி அது அங்கங்கே விலகி விலகிப் போனது. மறுபடி இழுத்தார்.

"ஒரு கஸ்டமர் இப்படி அடிச்சேன்னு வந்து நின்னா நான் என்ன கேப்பேன் தெரியுமா மாப்ள?"

"என்ன கேப்பீங்க?"

"'படிச்சவங்கதானே சார் நீங்க'ன்னு கேப்பேன்."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

புதன்கிழமை நாலு சுவரிலும் வெண்ணெய் நிறம் ஏறியது. திரும்பி வந்த டின் இல்லை. அவரே பார்த்துப் பார்த்துக் கலந்து, விலை கொடுத்து வாங்கி வந்தது. பிளேடும் டேப்பும் ஜன்னல் கட்டையில்தான் கிடந்தன. அவர் எடுக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை அக்கா வாசலிலேயே மூச்சு வாங்க நின்றாள். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தவள், "வாடையே இல்லீங்க" என்றாள். அப்புறம், "நான் கேட்ட கலர்" என்றாள். மாமா ஜன்னலைத் திறக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். அந்தச் சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது, காயவில்லை என்று எல்லாரிடமும் சொன்னார். ஒரு வாரம் கழித்தும் அதையேதான் சொன்னார்.

எட்டாவது நாள் மாமா கடைக்குப் போனதும், அக்கா மாத்திரை வேளை எழுதிய தாளைக் கண்ணில் படுகிற மாதிரி தலைமாட்டில் டேப் போட்டு ஒட்டினாள். சாயங்காலம் அவர் வந்ததும் அதைப் பார்த்துவிட்டுப் பதறி, "இத யாரு ஒட்டினா?" என்று ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். தாளோடு சேர்ந்து வெண்ணெய் நிறமும் பிரைமரும் ஒரே தோலாக உரிந்து வந்தன. கீழே பாசிப்பச்சை. அதன் மேல் அதற்குள்ளாகவே புதிதாகக் கறுப்புப் புள்ளிகள்.

நான் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். மாமா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிற்பை என்னால் பார்க்க முடியவில்லை.

இருபத்திரண்டு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவள் என் அக்கா. அவளுக்கும் சுவர் பாஷை தெரியும்.

"தேய்க்காம அடிச்சீங்களா?"

தலையை ஆட்டினார்.

"நேரம் இல்லை, என்ன?"

அதற்கும் ஆட்டினார்.

அவள் கையை நீட்டித் தாளை வாங்கினாள். "டேப் குடுடா" என்றாள் என்னிடம். பச்சை தெரிந்த இடத்தை மூடி, நாலு பக்கமும் அழுத்தி ஒட்டினாள். ஒட்டி முடிப்பதற்குள் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இனிமே இத எடுக்காதீங்க. புதுசு வந்தா இது மேலயே ஒட்டிக்கலாம்."

இப்போது குழாயை மாற்றியாகிவிட்டது. சுவரைச் சுரண்ட வேண்டும், சுரண்டினால் காரைத் தூசி, அவளை நகர்த்த இடமில்லை. மாமா கடைக்குப் போகிறார், வருகிறவர்களிடம் உப்புத்தாளைப் பற்றி அதே மாதிரி எடுத்துச் சொல்கிறார். டேப் பரீட்சையை மட்டும் விட்டுவிட்டார்.

ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரி போய் வந்ததும் அவரே புதுத் தாளைப் பழையதன் மேல் ஒட்டுகிறார். போன வாரம் ஒட்டியது ஆறாவது. அதில் மாத்திரைகள் அதிகமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆக்சிஜன் என்று மட்டும் பெரிதாக எழுதியிருந்தது.