நான் ‘நல்லது’ என்று எழுதிய நீலக் கேன்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வைகாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீழக்குயில்குடி மலையடிவாரக் கோயிலில் ஒரு காதுகுத்து. எனக்கு அந்த அழைப்பு வந்ததே என் வேலையால்தான்.

தொழிற்சாலைகளில் புழங்கும் ரசாயனங்களைப் பற்றி அறிக்கை எழுதுவது என் வேலை. தோலில் பட்டால் என்ன ஆகும், மூச்சில் போனால் என்ன செய்யும், கண்மாயில் கலந்தால் மீன் பிழைக்குமா என்று எல்லாவற்றையும் பார்த்து எழுத வேண்டும். எம்.எஸ்ஸி. படித்த திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. யாராவது “கொஞ்சூண்டுதான மேடம்” என்றால் சுள்ளென்று விழுவேன்.

அந்த வருஷம் சமயநல்லூர் பக்கம் ஒரு சின்னக் கம்பெனிக்குப் போயிருந்தேன். இரும்புச் சாமான்களில் ஒட்டிய கிரீஸைக் கழுவும் திரவத்தைப் பெரிய நீலக் கேன்களில் வாங்கி, பாட்டில்களில் அடைத்து விற்பார்கள். மூன்று நாள் அங்கேயே கிடந்து கையுறை, காற்றோட்டம், சாக்கடை என்று ஒன்று விடாமல் பார்த்தேன். காலிக் கேன்களை என்ன செய்கிறார்கள் என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. “வேலை பாக்குறவங்களே எடுத்துட்டுப் போயிருவாங்க, ஒண்ணும் வீணாகாது” என்றார் முதலாளி. குப்பையில் போடவில்லையே என்ற சந்தோஷத்தில் ‘மறுபயன்பாடு’ கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் ‘நல்லது’ என்றும் எழுதினேன். பாட்டில் நிரப்பும் ஒரு அக்கா அதை எட்டிப் பார்த்துச் சிரித்தார். கிளம்பும்போது அவர்தான் பத்திரிகை கொடுத்தார். “மகளுக்குக் காதுகுத்து மேடம். கண்டிப்பா வரணும்.”

போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பிள்ளைகள் தாமரைக் குளத்துப் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆலமரத்தடியில் தாய்மாமன் சீரோடு சீராக மோரும் கொண்டுவந்து இறக்கியிருந்தார். பிள்ளைகள் டம்ளரை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்க, அந்த அக்கா அவர்களை அதட்டினார். “இருங்கடா, மொதல்ல மேடத்துக்கு!” முதல் டம்ளர் என் கைக்கு வந்தது.

ஒரு வாய் வைத்தேன். பெருங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி. அதற்கெல்லாம் அடியில் இன்னொரு வாசனை. மூன்று நாள் என் மூக்கிலேயே நின்ற அதே வாசனை. நிமிர்ந்து பார்த்தால் மோர் இருந்தது நீலக் கேனில். தூவென்று துப்பிவிட்டேன்.

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். “ஏன்மா, எங்க வீட்டு மோரு உங்களுக்கு எறங்காதோ?”

அவர் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. அவர்கள் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று இதற்கு முன் எத்தனை பேர் முகம் திருப்பியிருப்பார்களோ! அந்த வரிசையில் என்னையும் நிறுத்திவிட்டார். பிள்ளைகள் முன்னால், சொந்தபந்தம் முன்னால், அவர் கொண்டுவந்த சீரை நான் துப்பியிருக்கிறேன்.

“ஐயோ, அப்படியில்ல அண்ணே. மோருல குத்தமில்ல, கேன்லதான். யாருக்கும் குடுத்துராதீங்க” என்று கேன் முன்னால் போய்க் கையை விரித்து நின்றுவிட்டேன்.

அந்த அக்காவுக்கு முகம் வாடிப்போனது. “கம்பெனி கேன்தான் மேடம். புளி போட்டுத் தேச்சு, சோப்பு போட்டு அலசி, ரெண்டு நாள் வெயில்ல காயவச்சுத்தான் அண்ணன்கிட்ட குடுத்துவிட்டேன். நீங்களே நல்லதுன்னு எழுதுனீங்களே?”

அந்தத் திரவம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிடும், எம்புட்டுத் தேய்த்தாலும் போகாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். குடித்த உடனே ஆளைச் சாய்த்துவிடாது என்றாலும், பிள்ளைகள் வயிற்றுக்குள் போகவே கூடாத சரக்கு. இதெல்லாம் எனக்குத் தெரியும், என் அறிக்கையிலேயே வேறொரு பக்கத்தில் இருக்கிறது. கேன் யார் வீட்டுக்குப் போகிறது என்று மட்டும் நான் கேட்கவில்லை. “தப்பு என்னுதுதான் அக்கா. அந்த டிக்கை நான் போட்டுருக்கக் கூடாது” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

தாய்மாமன் கேனைச் சாய்த்துப் பிடித்தார். “சரி, கொளத்துல ஊத்திருவோமா?”

“ஐயையோ, வேணாம்!”

“மரத்தடியில?”

“வேணாம் அண்ணே.”

“அப்ப எங்கதாம்மா ஊத்துறது?”

என் நாற்பது பக்க அறிக்கையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. கடைசியில் மூடியை இறுக்கி, லோடு ஆட்டோவில் ஏற்றி, கம்பெனிக்கே திருப்பி அனுப்பினோம். தாய்மாமன் ஊருக்குள் போய் வேறு மோர் வாங்கிவந்தார். அதில் நான் இரண்டு டம்ளர் குடித்தேன். பந்தியில் உட்கார்ந்து சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். “நல்லாச் சாப்புடு தாயி” என்று அவரே வந்து ரசம் ஊற்றியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் அறிக்கையைத் திருத்தினேன். “போனது போகட்டும் மேடம்” என்று இழுத்த முதலாளியோடு சண்டை போட்டு, அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக அலைந்து கேன்களைத் திரும்ப வாங்கினேன். ஒன்றில் குடிதண்ணீர் இருந்தது, ஒன்றில் அரிசி. எல்லாம் கிடைத்தன, இரண்டைத் தவிர. கைமாறிக் கைமாறி அவை எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும், காலியானது யார் வீட்டுக்குப் போகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். அன்று முதல் டம்ளரை எனக்குக் கொடுத்த மரியாதைதான் அத்தனை பிள்ளைகளையும் காப்பாற்றியது, என் படிப்பு இல்லை. ஆனாலும் பஸ்ஸில் போகும்போது எந்த வாசலில் நீலக் கேனைப் பார்த்தாலும் மனசு திக்கென்கிறது. நான் ‘நல்லது’ என்று எழுதிக் கொடுத்த கேனில் இன்னும் யாரோ தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.