பேர் சொல்லாத அழைப்பு

பேசாலைக் கரையில் கருவாடு காயப்போடும் அருளம்மாவின் வயிற்றுக்குள், அந்த மாரியில் தண்ணீர் அசையத் தொடங்கியது. அவளுடைய கணவன் டொமினிக் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஒரு வருடம் கழிந்திருந்தது. உடல் கிடைக்கவில்லை.

மத்தியானத்தில் கரை வெறிச்சோடியதும் பாயில் சரிந்து படுப்பாள். வள்ளத்தின் அடியில் தேங்கிய நீர் போல அது மெல்ல மறுபக்கம் நகரும். இரண்டு வாய்ச் சோற்றோடு அவளுக்கு வயிறு நிறைந்துவிடும். கைகள் மெலிந்தன, வயிறு மட்டும் வளர்ந்தது. கடலில் போய்க் கரையொதுங்காத ஆள் தன் வீட்டாரின் உடம்புக்குள்தான் வந்து ஒதுங்குவான் என்று அங்கே பெண்கள் பேசிக்கொள்வார்கள். அருளம்மா அதை நம்பினாள்; வயிறு அசையும்போதெல்லாம் டொமினிக் உள்ளேயிருந்து கூப்பிடுவதாக எடுத்துக்கொண்டாள்.

கூட வேலை செய்யும் றொஷேல் ஒருநாள் சீண்டினாள். "என்னக்கா, அம்பது வயசில வயிறு வைக்குது. ஆள் ஆரெண்டு சொல்லுங்கோவன்."

"அவர்தான்," என்றாள் அருளம்மா. சிரிக்கவில்லை.

றொஷேலின் கையிலிருந்த உப்பு அப்படியே மணலில் கொட்டியது. மறுநாட் காலை அவளை ஓட்டோவில் ஏற்றி மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

ஸ்கான் பார்த்த டொக்டர் றஸ்னா கதிரையை அருகில் இழுத்து உட்கார்ந்தார்.

"அம்மா, சூலகத்தில புற்றுநோய்க் கட்டி. அது தனக்குச் சாப்பாடு தேடி ஒரு புரதத்தை வெளியில விடுது. அந்தப் புரதம் போய் இரத்தக் குழாய்களைத் தட்டும். குழாய்களும் அதை நம்பிக் கட்டிப் பக்கமாக் கிளைவிடும். குழாய்ச் சுவரையும் அது இளக்கிப்போடும். அதாலயும்தான் தண்ணி ஒழுகி வயித்தில நிக்குது."

"அப்ப உள்ளுக்கிருந்து கூப்பிடுறது உண்மைதான்."

"ஓம், கூப்பிடுறமாதிரித்தான். வெட்டி எடுத்து மருந்து ஏத்தலாம். அந்தப் புரதத்தைப் பிடிச்சு வைக்கிற மருந்தும் இருக்கு, பிறகு அது கூப்பிடுறது குழாய்க்குக் கேக்காது. முழுக்கச் சுகம் வருமெண்டு சொல்லமாட்டன். ஆனா விட்டால் கனகாலம் இல்லை."

அருளம்மா இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். "வேண்டாம். அவரை இன்னொருக்காக் கடலுக்கு விட என்னால ஏலாது."

"விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா," என்று றொஷேல் அழுதாள்.

அருளம்மா தணிந்த குரலில் கேட்டாள். "அது கூப்பிடேக்க என்ர பேரைச் சொல்லுமோ?"

"இல்லை அம்மா. உங்கட உடம்பில பிறந்ததுதான், எண்டாலும் உங்களை ஆரெண்டே அதுக்குத் தெரியாது. வளர், வளர் எண்டுறதைத் தவிர வேற ஒண்டும் சொல்லத் தெரியாது."

டொமினிக் வள்ளத்திலிருந்து மணலில் கால் வைக்கும் முன்னரே "அருளி" என்று கத்துவான். கரையே சிரிக்கும். இத்தனை மாதமும் உள்ளே அசைந்ததே தவிர, அந்தப் பெயர் ஒருதரமும் வரவில்லை.

அவள் கைகளை எடுத்தாள். உள்ளே அது, அவளை நன்றாகத் தெரிந்ததைப் போல, மெதுவாகப் புரண்டது.

"எடுத்துப்போடுங்கோ டொக்டர்," என்றாள். "இது எனக்குத் தெரிஞ்ச ஆள் இல்லை."