பதினாலாம் நம்பர் பிளேட்

டங், டங், டங் என்று உள்ளறையிலிருந்து மூன்று முறை சத்தம் வந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. மடியில் கிடந்த தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மாதான் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அக்கா, உள்ள கூப்பிடறாங்க போல?"

"அவர்தான். பேச்சு வரல இல்லையா, ஸ்பூனால கட்டில் கம்பியில தட்டுவாரு. ஒரு தடவை தட்டினா தண்ணி வேணும். ரெண்டுன்னா புரட்டிப் படுக்க வைக்கணும்."

"இது மூணு."

"மூணுன்னா ஒண்ணும் இல்ல. நீங்க சொல்லுங்க."

டாக்டரம்மா நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் இல்லை. ஆராய்ச்சி நிலையத்தில் கிருமிகளைப் பார்க்கிறவர். 'ஊசி போடாத டாக்டர்' என்று அவரே தன்னைக் கேலி செய்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், நாலு ஆரஞ்சுப் பழங்களோடும் பதினெட்டுப் பக்க ஆராய்ச்சிக் கட்டுரைத் தாள்களோடும், முதல் தடவையாக அக்காவின் வீட்டுப் படியேறி வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பை அக்காவால் நேராகப் பார்க்க முடியவில்லை.

நிலையத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உண்டு. மற்றபடி எல்லோருக்கும் அவள் 'பிளேட் அக்கா'. பாட்டில் கழுவ வந்தவள், இருபத்திரண்டு வருஷமாக மீடியா அறையில் இருக்கிறாள். மீடியா என்பது கிருமிகளுக்குப் போடும் சாப்பாடு. பொடியை நிறுத்து, தண்ணீரில் கரைத்து, இறுகுவதற்கு அகார் சேர்த்து, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய பிரஷர் குக்கரில் வேகவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வட்டக் கண்ணாடி பிளேட்டுகளில் ஊற்றி வைக்க வேண்டும். வேலை முடிந்து அழுக்காகத் திரும்பி வருகிறவற்றை மறுபடி வேகவைத்து, கிருமிகளைச் சாகடித்து, கழுவிக் கவிழ்க்க வேண்டும். "நானும் ஹோட்டல்தான் நடத்தறேன். கண்ணுக்குத் தெரியாத ஆளுங்க சாப்பிட வராங்க. ஒருத்தரும் இதுவரைக்கும் உப்பு இல்லன்னு சொன்னதில்ல" என்பாள்.

அது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஊற்றிய ஒரு பிளேட்டைக்கூட யாரும் குறை சொன்னதில்லை. அவளிடம் இருந்த ஒரே பெருமை அது. புருஷன் லாரியோடு ஊர் ஊராகப் போய்விட, மகளை ஒண்டியாக வளர்த்துக் கட்டிக் கொடுத்தாளே, அப்போதும் அவளை நிமிர்ந்து நடக்க வைத்தது அந்தப் பெருமைதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே சரிந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போனது. அன்றிலிருந்து அக்காவுக்கு நாள் என்று ஒன்று விடிந்ததாகவே தோன்றவில்லை. விடியலில் எழுந்து அவரைத் துடைத்து, உடுத்தி, ஊட்டிவிட்டு ஓட வேண்டும். பகலெல்லாம் எதிர்வீட்டுக்காரி வந்து பார்த்துக்கொள்வாள். பள்ளிக்கூடம் விட்டு அவள் பிள்ளைகள் வருவதற்குள் அக்கா திரும்பியாக வேண்டும். நாலு மணி அடித்தால் நெருப்பை மிதித்தவள் போல ஓட்டம்.

"கடைசிப் பக்கத்தைப் பாருங்க அக்கா," என்றார் டாக்டரம்மா. "அங்க ஒரு பேரு இருக்கு."

அக்கா புரட்டினாள். நன்றி என்று போட்டு, கீழே அவளுடைய பெயர். பிளேட் அக்கா இல்லை. அவளுடைய நிஜப் பெயர், முதலெழுத்தோடு.

"உங்க பிளேட் இல்லாம இந்த வேலையே இல்ல. பெரியவர் கேட்டாரு, பிளேட் ஊத்தறவங்களுக்கெல்லாம் நன்றி போடணுமான்னு. போட்டுத்தான் ஆகணும்னு சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில பத்திரிகைக்கு அனுப்பப் போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்டக் காட்டணும்னு தோணுச்சு."

பெரியவர் என்பது நிலையத்தின் தலைவர். கம்பெனியில் தயாராக விற்கிற பிளேட்டுகளை வாங்கிவிட்டு மீடியா அறையையே மூடிவிடலாம் என்பது இரண்டு வருஷமாக அவர் பாடுகிற பாட்டு. வருஷா வருஷம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அக்காவுக்கு வேலை. வேலை இருந்தால்தான் இந்த இரண்டு அறை வீடு. வீடும் நிலையத்துடையதுதான். ஒரே ஒரு தப்பு அகப்படட்டும் என்று அவர் காத்திருந்தது எல்லோருக்கும் தெரியும்.

"செவிடன் நம்மளைக் கைவிடல அக்கா," என்று டாக்டரம்மா சிரித்தார்.

செவிடன் என்பது அக்கா வைத்த பெயர். கிருமிக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. ஆனாலும் சாப்பாடு எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி என்று ஒருநாள் டாக்டரம்மா மீடியா அறை ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லியிருந்தார். உடம்பின் மேலே சின்னச் சின்னப் புரதங்கள் இருக்குமாம். சுற்றியிருக்கிற தண்ணீரை அவை ருசி பார்த்துக்கொண்டே இருக்குமாம். கிருமி வாலைச் சுழற்றிக் கொஞ்ச தூரம் நேராக நீந்தும். பிறகு ஒரு குட்டிக்கரணம் போட்டு வேறு பக்கம் திரும்பும். போன நொடியைவிட இந்த நொடியில் சாப்பாட்டு ருசி கூடுதலாக இருந்தால், குட்டிக்கரணத்தைத் தள்ளிப்போட்டு நேராகவே போகும். குறைந்தால் சீக்கிரமே அடுத்த குட்டிக்கரணம்.

அதனால்தான் இளக்கமாக ஊற்றிய பிளேட்டின் நடுவில் ஒரு சொட்டுக் கிருமியை வைத்தால், நடுவில் இருப்பதைத் தின்று தீர்த்துவிட்டு, வெளியே சாப்பாடு இருக்கிற பக்கமாக வட்டமாய்ப் பரவிக்கொண்டே போகும். டாக்டரம்மா ஒரு கிருமியிடமிருந்து ஒரே ஒரு சின்னப் புரதத்தை மட்டும் எடுத்துவிட்டார். அது பரவவே இல்லை. மற்றது விளிம்புவரை போயிருக்க, இது சட்டைப் பொத்தான் அளவுக்கு நடுவிலேயே கிடந்தது. இதுதான் செவிடன். அந்தப் புரதம்தான் கிருமிக்குச் சாப்பாட்டுச் செய்தியைச் சொல்கிறது என்று பதினெட்டுப் பக்கமும் சொன்னது. ஏழு மாத உழைப்பு.

"ஏன் டாக்டரம்மா," அக்காவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது, "சுத்தியும் ஒரே மாதிரி ருசி இருந்துக்கிட்டே இருந்தா, அது என்ன பண்ணும்?"

"பழகிடும். கொஞ்ச நேரத்துல அந்த ருசி இல்லாத மாதிரியே நடந்துக்கும். எவ்வளவு இருக்குங்கறது அதுக்கு முக்கியம் இல்ல, மாறுதான்னுதான் பாக்கும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

டங், டங், டங்.

இந்தத் தடவையும் அக்கா அசையவில்லை. டாக்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மூணுன்னா என்னன்னு சொல்லுங்களேன். எனக்கே போகணும் போல இருக்கு."

அக்கா தாள்களை அடுக்கிச் சீராகத் தட்டினாள். "லாரியைக் கொண்டாந்து தெருமுனையில நிறுத்தும்போது மூணு தடவை ஹாரன் அடிப்பாரு. நான் வந்துட்டேன், வெளிய வான்னு அர்த்தம். இப்ப அதையே தட்டறாரு. தண்ணியும் வேணாம், புரட்டவும் வேணாம். பக்கத்துல வந்து உக்காருன்னு சொல்றாரு. முதல்ல ஓடி ஓடிப் போய்க்கிட்டிருந்தேன். இப்பல்லாம் அது காதுல விழுது, ஆனா கால் எழுந்திருக்க மாட்டேங்குது. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும்தான் எழுந்திருக்குது."

எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாத சொல் அது. அதோடு சேர்ந்து மற்றதும் வெளியே வந்துவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. வந்தும்விட்டது.

"டாக்டரம்மா, இதை அனுப்பாதீங்க."

"என்ன?"

"செவிடன் செவிடன் இல்ல."

டாக்டரம்மாவின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஒவ்வொரு வாரமும் இருபது பிளேட். ஊற்ற ஊற்ற வரிசையாக நம்பர் போடுவாள். முதல் பத்தை மத்தியானமே ஊற்றி, மூடி போட்டு, மேசையில் ஆடாமல் அசையாமல் ஒரு மணி நேரம் இறுக விடுவாள். மீதிப் பத்துக்கான இரண்டாவது கண்ணாடிக் குடுவை ஆறி வருவதற்குள் மணி மூன்றரை ஆகிவிடும். பிறகு எங்கே ஒரு மணி நேரம்?

"காத்து வீசற பெட்டிக்குள்ள மூடியைத் திறந்து வச்சுடுவேன். கால் மணியில இறுகிடும். தொட்டுப் பார்த்தா வித்தியாசமே தெரியாது. இவர் விழுந்ததுலேர்ந்து அப்படித்தான். பதினொண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் எல்லாமே மேல காஞ்சுபோன பிளேட். நீங்க நல்ல கிருமியை எப்பவும் ஒண்ணுலேர்ந்து பத்துல வைக்கறீங்க. செவிடனுக்கு எப்பவும் பதினொண்ணுலேர்ந்து..." அவளால் முடிக்க முடியவில்லை. "காஞ்ச மண்ணுல எது நீந்தும் டாக்டரம்மா? அதுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கும். போக வழியில்ல, அவ்வளவுதான்."

டாக்டரம்மா நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?" டாக்டரம்மாவின் குரலில் இப்போது 'அக்கா' இல்லை.

"வெள்ளிக்கிழமை. கழுவ வந்ததுல பதினாலாம் நம்பர் இருந்துச்சு. மூடியில நல்ல கிருமின்னு எழுதியிருந்தீங்க."

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்தார். "ஆறாம் நம்பர் கீறல் விட்டிருந்துச்சு. அதுக்குப் பதிலா பதினாலை எடுத்தேன். அது சரியாப் பரவல. ஏதோ ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு கணக்குலயே சேர்க்கல."

"அதுவும் பொத்தான் அளவுதான். செவிடன் எப்படிக் கிடப்பானோ அப்படியே."

"வெள்ளிக்கிழமையே ஏன் சொல்லல?"

"பயம்," என்றாள் அக்கா. "இந்த வீடு போயிடும். இவரை எங்க தூக்கிட்டுப் போவேன்? ரெண்டு நாளா அதையேதான் யோசிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க இன்னைக்கு வராம இருந்திருந்தா சொல்லியிருப்பேனான்னுகூடத் தெரியல. என் பேரைப் பார்த்ததும்... தப்பான பிளேட்டுக்குப் போய் நன்றி வாங்க முடியல டாக்டரம்மா."

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறதே! கையிரண்டும் ஈரத்துணி போல மடியில் கிடந்தன.

டாக்டரம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கிருந்தே, யாரையோ திட்டுவது போலச் சொன்னார்: "பிளேட்டை மாத்தி மாத்திக் கலந்து வைங்க, வரிசையா வைக்காதீங்கன்னு வர்ற ஒவ்வொரு மாணவருக்கும் நான்தான் பாடம் எடுக்கறேன். ஏழு மாசம்! ஒரு வாரம் கலைச்சு வச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நம்பர் வரிசையா இருந்தா எழுத வசதின்னு சோம்பேறித்தனம்."

"தப்பு என்னோடது."

"உங்களோடதுதான். இல்லன்னு சொல்லல." டாக்டரம்மா திரும்பினார். கண் சிவந்திருந்தது. "பெட்டியில காய வைக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, முதல் பத்தை மட்டும் வச்சே வேலை பார்த்திருப்பேன். வாரத்துக்குப் பத்து போதும்னு சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை அக்கா!"

'அக்கா' திரும்பி வந்திருந்தது. அதைக் கேட்டதும்தான் அவள் கண்ணில் நீர் முட்டியது.

டாக்டரம்மா தாள்களை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆரஞ்சுப் பழங்களை மேசையிலேயே விட்டுவிட்டார். செருப்பை மாட்டும்போது ஏதோ நினைவு வந்தவராக நின்றார்.

"அந்தப் பதினாலாம் நம்பர். அதை வேகவச்சுக் கழுவிட்டீங்களா?"

"இல்ல. ஆட்டோகிளேவ் வரைக்கும் கொண்டு போனேன். கை வரல. குளிர் அறையில, மேல் தட்டுல, பழைய பாட்டிலுக்குப் பின்னாடி வச்சிருக்கேன்."

டாக்டரம்மா அவளையே பார்த்தார். கழுவியிருந்தால் உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அது இருவருக்கும் தெரியும்.

"தொடாதீங்க. நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்கறேன். நாளைக்குப் பத்து பிளேட் மட்டும் ஊத்துங்க. எல்லாத்தையும் மேசையிலயே இறுக விடுங்க. செவிடனையும் நல்லதையும் அஞ்சஞ்சு வச்சுப் பார்ப்போம். அவன் உண்மையிலேயே செவிடனா இருந்தா என் அதிர்ஷ்டம்."

"பெரியவர்?"

"அவர்கிட்ட மறைக்க முடியாது. ஏன் அனுப்பலன்னு கேப்பாரு, நான் சொல்லணும்." படியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினார். "பதினாலாம் நம்பரைக் கழுவாம எடுத்து வச்சது யாருன்னும் சொல்லுவேன். அதுக்கு மேல அவர் என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியாது. பொய்யா தைரியம் சொல்ல எனக்கு வராது அக்கா."

"வேணாம். இதே போதும்."

உள்ளேயிருந்து மறுபடி வந்தது. டங், டங், டங்.

"போங்க," என்றார் டாக்டரம்மா. "நான் வழி பார்த்துப் போயிடுவேன்."

அவருடைய செருப்புச் சத்தம் படியிறங்கி, வாசல் சிமெண்டுத் தரையைத் தாண்டி, தெருவில் கரைந்தது. அந்தக் கதவு அடியில் உரசும். கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும். அக்கா இரண்டு கையாலும் தூக்கிச் சாத்தி, தாழ் போட்டாள். "வரேன், இருங்க," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.