ஊதா ஏறிய தீப்பெட்டிப் படங்கள்

என் அண்ணன் திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தான். ஐம்பதுகளின் நடுவில் தொடங்கி நாலு வருஷம். மற்ற கண்டக்டர்கள் வீட்டுக்கு மாம்பழம் கொண்டு போவார்கள், புளி கொண்டு போவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் காலித் தீப்பெட்டிதான். காக்கிச் சட்டையின் இரண்டு பைகளும் புடைத்துக்கொண்டிருக்கும். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

பெட்டியின் மேலே ஒட்டியிருக்கும் வண்ணப் படத்துக்காகத்தான் அவ்வளவும். பாயும் புலி, ஒற்றைக் கொம்பு மான், சைக்கிள், மேஜை விசிறி, குடம் சுமக்கும் பெண். தண்ணீரில் செத்த நேரம் பெட்டியை ஊறப்போட்டால் படம் தானாகக் கழன்று மிதக்கும். அதை எடுத்துப் பித்தளைக் குடத்தின் வெளிப்பக்கம் ஒட்டிவிடுவேன். காய்ந்ததும் சுருக்கமில்லாமல் உதிரும். அம்மா தண்ணீர் எடுக்கப் போகும்போது குடத்தில் நாலு புலியும் ரெண்டு மயிலும் இருக்கும். குழாயடியில் என்னம்மா இது என்று கேட்காதவர் இல்லை. அண்ணனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. மீசை வைத்த ஆள் தீப்பெட்டிப் படம் சேர்க்கிறானே என்று தெருவில் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

எங்களுக்கு அப்பா இல்லை. அம்மா புகையிலைக் கிட்டங்கிக்கு வேலைக்குப் போனாள். அவன் தங்கச்சி நான், எட்டாவதோடு படிப்பை நிறுத்தி வீட்டில் இருந்தேன். அந்தப் படங்களுக்கு நான்தான் காவல்.

எனக்கு ஒழுங்கு என்றால் பைத்தியம். இன்றும் அப்படித்தான், அடுக்களையில் ஒரு டப்பா இடம் மாறியிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. சுருட்டுக் கடையிலிருந்து அண்ணன் வாங்கிவந்த காலி மரப்பெட்டிகளில் படங்களை வகைவகையாகப் பிரித்து, நூல் கட்டி அடுக்கினேன். மிருகத்துக்கு ஒரு பெட்டி, பறவைக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று, வண்டி வாகனத்துக்கு ஒன்று. பூச்சி வராமலிருக்கப் பெட்டிக்கு ஒரு பிடி புகையிலைக் காம்பு போட்டு வைத்தேன். அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவருவது அது ஒன்றுதான்.

அண்ணனுக்கு என் அடுக்கு பிடிக்கவில்லை. கிடைத்த இடத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்றான். எந்த நிறுத்தத்தில், யார் கொடுத்தது என்பதுதான் அவனுக்கு முக்கியம்.

"புலியப் புலியோட வச்சா ஆச்சா? இந்தப் புலி குடுத்தது முட்டைக் கூடைக்காரரு. அந்தப் புலி குடுத்தது கல்யாணத்துக்குப் போன ஒரு மாமா. ரெண்டும் வேற வேற, புள்ள" என்பான்.

"உனக்கு வேற வேறண்ணே. பாக்குறவங்களுக்கு ரெண்டும் புலிதான்."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் சமாதானம் இப்படி ஆனது: அடுக்கு என் இஷ்டம், ஆனால் ஒவ்வொரு படத்தின் முதுகிலும் அவன் எழுதிக்கொள்வான். காதில் எப்போதும் செருகியிருக்கும் காப்பியிங் பென்சிலால் எழுதினான். அந்தப் பென்சில் எழுதும்போது கறுப்பாக இருக்கும். ஈரம் பட்டால் ஊதா மையாகிவிடும். டிக்கெட் எழுதும்போது நுனியை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவதால் அவன் கீழுதட்டில் ஊதா போகவே போகாது. படங்களின் முதுகில் மட்டும் நாக்கில் தொடாமல் எழுதுவான். மறுபக்கம் ஊறிவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

சின்னச் சின்ன எழுத்து. ஒரு படத்தில் ஐந்தாறு வார்த்தைதான் பிடிக்கும். 'புளியந்தோப்பு நிறுத்தம். மழை. குடையில்லாத பாட்டையா.' 'நத்தம் டீக்கடை. ரெண்டு பூவுக்கு ஒரு மயில்.' டீக்கடைக்காரரும் படம் சேர்ப்பவர். அவரிடம் இருந்ததை இங்கே, இங்கே மிஞ்சியதை அங்கே என்று மாற்றிக்கொள்வார்கள். ஒரு பறவைக்கு ரெண்டு பூ என்பது அவர்களுடைய கணக்கு. ஒரே படம் இரண்டு இருந்தால் எதைக் கொடுப்பது என்று முதுகைப் படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்வான். சிலவற்றைக் கொடுக்கவே மாட்டான். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. படம் ஒன்றுதானே என்று தோன்றும்.

நாலாவது வருஷம், எனக்குப் பதினாறு வயதில், அவனுக்கு இருமல் வந்தது. பஸ் தூசி என்றோம். அப்புறம் சாயங்காலக் காய்ச்சல். அப்புறம் ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம். மதுரைக்கு அந்தப் பக்கம் இருந்த காச ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தபோது அவன் சட்டை அவனுக்கே தொளதொளவென்று ஆகிவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்க விடுவார்கள். அம்மா வாராவாரம் காலை ரயிலேறிப் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். நானும் இரண்டு தடவை போனேன். பெரிய வார்டு. நல்ல காற்று வேண்டும் என்று எல்லா ஜன்னலையும் எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள்.

மூன்றாவது வாரம் அம்மா திரும்பிவந்து சொன்னாள்: "படத்தையெல்லாம் பாக்கணும்போல இருக்காம். உன்னை அதையெல்லாம் எடுத்துக்கிட்டு வரச் சொன்னான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே என் ஒழுங்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. அந்த ஜன்னல் காற்றில் உதிரிப் படங்களைப் பிரித்தால் வார்டு முழுக்கப் பறக்காதா? நர்ஸம்மா திட்ட மாட்டாளா? ஒரு புத்தகமாக ஒட்டிக் கொண்டு போனால், படுத்தபடியே மார்பில் சாய்த்துப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். அம்மாவிடம் கேட்டுப் பெரிய கோடில்லாத பைண்டு நோட்டு ஒன்று வாங்கினேன். எண்ணிப் பார்த்தால் ஆயிரத்து இருநூறு படம். பக்கத்துக்கு இருபத்துநாலு என்று ஐம்பது பக்கம்.

மைதாப் பசை காய்ச்சினேன். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் போட்டதில் பசையே நீலமாக இருந்தது. அவ்வளவு கவனம் எனக்கு. அளவுகோல் வைத்துக் கோடிழுத்து, ஒவ்வொரு படத்தின் முதுகிலும் பசையைத் தடவி, மூலை பிசகாமல் ஒட்டினேன். ஒட்டிய பக்கத்தின் மேல் பழைய பேப்பரைப் போட்டு மூடி அடுத்த பக்கம் போவேன். அந்தி சாயும்போது நோட்டின் மேல் பலகை வைத்து, பலகையின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பேன். காயும்வரை பேப்பரை எடுக்கக் கூடாது, எடுத்தால் படம் சுருங்கும் என்பது என் நினைப்பு. இப்படி நாலு நாள்.

முதுகில் எழுத்து இருந்தது எனக்குத் தெரியாதா? தெரியும். பசை தடவும்போது ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தேன். ஒட்டினால் அந்த எழுத்து மறைந்துபோகுமே என்றுகூட ஒரு தடவை நினைத்தேன். எழுதினவனுக்குத் தெரியாதா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் உதட்டில் நாலு வருஷம் பார்த்த ஊதா மட்டும் அந்த நாலு நாளில் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. ஏன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை குழவியை இறக்கிவிட்டு முதல் பேப்பரை உரித்தேன்.

பசையின் ஈரத்தில் ஆயிரத்து இருநூறு படத்தின் எழுத்தும் கரைந்து முன்பக்கம் வந்திருந்தது. புலியின் முகத்தில் ஊதா, மானின் வயிற்றில் ஊதா, குடம் சுமந்த பெண்ணுக்குக் கண்ணே இல்லை. குழவியின் கனத்தில் மை பேப்பர் வரை ஊறியிருந்தது. ஒரு பக்கமாவது தப்பியிருக்காதா என்று ஐம்பது பக்கத்தையும் உரித்தேன். தப்பவில்லை. ஒரு படத்தைத் தண்ணீர் தொட்டு மெல்லக் கழற்றிப் பார்த்தேன். முதுகில் எழுத்து இருந்த இடத்தில் ஊதாக் குளம்தான் இருந்தது.

அழுதுவிட்டு நோட்டைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அம்மா கேட்டபோது, "இன்னும் காயலம்மா. அடுத்த வாரம் கொண்டு போறேன்" என்றேன். படம் இல்லாமல் அவன் முன்னால் எப்படிப் போய் நிற்பது? நானும் போகவில்லை.

அம்மா திரும்பிவந்து சொன்னாள்: "அவசரமில்லையாம். நல்லாக் காயட்டும்னான். பக்கத்துக் கட்டில்காரங்க கிட்டெல்லாம் என் தங்கச்சி புத்தகம் பண்றான்னு சொல்லிக்கிட்டிருக்கான்."

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அதற்கடுத்த வாரம் பசை போதவில்லை, பாதிதான் ஒட்டினேன் என்றேன். நாலாவது வாரம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இடையில், கெட்டுப்போனதைச் சரிக்கட்டப் பார்த்தேன். தெருவில் பீடி குடிப்பவர்களிடமெல்லாம் கூச்சமில்லாமல் காலிப் பெட்டி கேட்டேன். முப்பது படம் தேறியது. அவற்றின் முதுகு வெறுமையாக இருந்தது. ஐந்தாவது வாரமும் போகவில்லை.

அன்று அம்மா திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "ஏண்டி, அவன் எம்புட்டு நேரம் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தான் தெரியுமா? படம் வந்தா வருது, வராட்டா போகுது. அடுத்த வாரம் நீ வந்தாகணும்" என்றாள். அப்புறம் சத்தமில்லாமல் அழுதாள்.

போனேன். நோட்டையும் எடுத்துப் போனேன்.

அவனை அடையாளம் தெரியவில்லை என்று சொன்னால் பொய். தெரிந்தது, அதுதான் பொறுக்க முடியவில்லை. அதே ஆள், ஆனால் எலும்பு மட்டும். கீழுதட்டு ஊதா முழுக்கப் போய்விட்டிருந்தது. நான் நோட்டைக் கட்டிலில் வைத்தேன். அவன் முதல் பக்கத்தைத் திறந்தான். பார்த்தான். இரண்டாவது பக்கத்தைத் திறந்தான். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன்.

"என்ன புள்ள, புலியெல்லாம் நாவப்பழம் தின்னுருக்கு?" என்றான்.

நிமிர்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு இருமலாகி, அம்மா முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

"எழுதுனதெல்லாம் போச்சுண்ணே" என்றேன்.

"எங்க போச்சு? எல்லாம் இங்கதான் இருக்கு. செத்த உக்காரு." முதல் படத்தின் மேல் விரலை வைத்தான். "இது வந்து, நத்தத்துல மாம்பழம் ஏத்துற ஒரு அப்பு குடுத்தது. ஒரு கூடைக்கு டிக்கெட் போட மறந்துட்டேன். அதுக்கு அவரே வந்து, தம்பி டிக்கெட் போடலையேன்னு கேட்டாரு. அப்பக் குடுத்தது." விரல் அடுத்த படத்துக்கு நகர்ந்தது. "இது சாணார்பட்டிகிட்ட. ஒரு அக்கா கைப்புள்ளையோட நின்னுச்சு. புள்ள இத வச்சு வெளையாடிக்கிட்டிருந்துச்சு. நான் பாக்குறதப் பாத்துட்டு அந்தப் புள்ளையே நீட்டிருச்சு."

ஒன்றுகூட விடவில்லை. முதுகில் எழுதியிருந்தது ஐந்தாறு வார்த்தைதான். அவன் சொன்னது அதைவிட எவ்வளவோ அதிகம். கொடுத்த ஆளின் முகம், அன்றைய வெயில், பஸ்ஸில் நடந்த சண்டை, யார் ஊருக்கு யார் துக்கம் விசாரிக்கப் போனார்கள் என்பதெல்லாம் வந்தது. ஊதாவுக்குள்ளே அவன் எதையோ பார்த்துப் படிப்பது போலவே இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து கேட்டார். அம்மாகூடச் சிரித்தாள். மகன் நாலு வருஷம் எங்கே எங்கே போய்வந்தான் என்று அவள் அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மூச்சு வாங்கினான். ஏழாவது பக்கம் முடியும்போது மணியடித்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்களெல்லாம் எழுந்தார்கள்.

"எழுதி வச்சுக்கணும்ணே. பென்சில் கொண்டாரலையே" என்றேன்.

"அடுத்த வாரம் கொண்டா. மிச்சத்தையும் சொல்றேன். நீ எழுது." நோட்டை மூடி என்னிடம் கொடுத்தான். "இங்க இருந்தா நர்ஸம்மா கண்டபடி வையும். நீயே வச்சுக்க."

ரயிலில் அம்மா தூங்கிவிட்டாள். நான் நோட்டை மடியில் விரித்து ஏழு பக்கத்தையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் நினைவிருந்ததையெல்லாம் எழுதினேன். புதுப் பென்சில் இரண்டு வாங்கிச் சீவி வைத்தேன்.

வியாழக்கிழமை தந்தி வந்தது.

எட்டாவது பக்கம் பறவைகளில் தொடங்குகிறது. மேல் வரிசையில் முதலில் ஒரு மயில், அடுத்தது கிளியா மைனாவா என்றுகூட இப்போது தெரியவில்லை. அதற்கப்புறம் இன்னும் நாற்பத்திரண்டு பக்கம். யார் கொடுத்தார்கள், என்ன பேசினார்கள், அண்ணன் என்ன சொல்லிச் சிரித்தான் என்று யாருக்கும் தெரியாது. நத்தத்து டீக்கடைக்காரரிடம்கூடப் போய்க் கேட்டேன். அவருக்கு அவருடைய மூன்று மயில்தான் நினைவிருந்தது. அம்மா சில நாள் நோட்டைக் கேட்டு வாங்கி, முதல் ஏழு பக்கத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். ஏழாவது பக்கம் முடிந்ததும் தானே எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். ஏன் ஐந்து வாரம் போகவில்லை என்று அவள் என்னை ஒருநாளும் கேட்டதில்லை.

நான் போகாத அந்த முதல் வாரத்தில் அவனுக்குப் பேச நல்ல தெம்பு இருந்தது என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். வாரத்துக்கு ஏழெட்டுப் பக்கம் என்றாலும் ஏறக்குறைய எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பான். திட்டுவானோ என்று பயந்துதான் நான் போகாமல் இருந்தேன். பதினாறு வருஷத்தில் என் அண்ணன் என்னை ஒரு தடவைகூடத் திட்டியதில்லை.