தூண் கால் நாற்காலி

பட்டினச்சேரிக் கரையில் மீன் ஏலம் விடும் அந்த அம்மா, பிரெஞ்சுக்காரர் காலத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். முட்டை வடிவ முதுகு, நீளவாட்டில் வரிவரியாகச் செதுக்கிய நேரான கால்கள். ஏலம் முடிந்ததும் அந்த வரிகளில் புகுந்த மணலை விரலால் வழித்துவிடுவார்.

பழைய சாமான் வாங்கி விற்கும் நான், அதை விலைக்குக் கேட்கப் போனேன். பேச்சைத் தொடங்க வேண்டுமே என்று, "வளஞ்ச காலு வச்ச நாற்காலி அலுத்துப்போயி, ரோமாபுரிப் பழைய கோயில் தூணப் பாத்து பிரெஞ்சுக்காரங்க செஞ்ச காலுங்க இது" என்றேன்.

"கோயில் தூணா? இத்தன நாளா செருப்பு போட்டுக்கிட்டுல்ல உக்காந்திருக்கேன்!" என்று பதறி எழுந்தார்.

அடுத்த முறை போனபோது, கொதிக்கும் மணலில் வெறுங்காலை ஊன்றி, அதே நாற்காலியில் உட்கார்ந்து ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். செருப்பு தள்ளிக் கிடந்தது. எனக்கு விலை கேட்க வாய் வரவில்லை. என் செருப்பையும் அதன் பக்கத்தில் கழற்றிவிட்டு அவரிடம் போனேன்.