தோட்டத்தில் உட்கார்ந்து எழுதிய பெண்

அந்தப் பெண்ணை மன்னிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் நான் பேச்சை எழுதவே உட்கார்ந்தேன்.

பதுளையில் நான் படிப்பித்து ஓய்வு பெற்ற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 'என்னை எழுத்தாளராக்கிய புத்தகம்' என்பது தலைப்பு. நான் எழுத்தாளரா என்பது வேறு விஷயம். இரண்டு சிறுகதைத் தொகுதி போட்டிருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. ஆனாலும் கூப்பிட்டால் போகாமல் இருக்கிற ஆள் இல்லை நான்.

எந்தப் புத்தகம் என்று யோசிக்கத் தேவை இருக்கவில்லை. சின்ன வயதில் நான் உயிராகப் படித்தது ஒரு கதைத் தொடர், மொத்தம் ஆறு புத்தகம். பல வருடங்களுக்குப் பிறகு ஆறையும் ஒன்றாகச் சேர்த்துக் கெட்டி அட்டை போட்டு வெளியிட்டிருக்கிறார்கள் என்று மகள் கொழும்பிலிருந்து வாங்கி வந்து தந்தாள். மூன்று நாள் சமையலைக் கூட மறந்து படித்தேன். முதல் நாள் சந்தோஷமாகப் படித்தேன். அதற்குப் பிறகு கோபம்.

கதை இவ்வளவுதான். கொழும்பில் வசதியான ஒரு வீடு, நான்கு பிள்ளைகள். இரண்டாவது மகளுக்கு எழுத்தாளராக வேண்டும் என்று ஆசை. காதில் பென்சில் செருகிக்கொண்டு திரிவாள். வீட்டில் யாராவது அழுதால், எந்தக் கண்ணிலிருந்து முதலில் நீர் வருகிறது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்பாள். தங்கைக்குக் காய்ச்சல் வந்தால் அதுவும் ஒரு கதை. அப்பாவுக்கு வேலை போனால் அது நாவல். தினமும் தோட்டத்துக்குப் போய்க் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து எழுதுவாள்.

இந்தத் 'தோட்டம்' என்ற சொல்லில்தான் நான் ஏமாந்தேன்.

எங்களுக்குத் தோட்டம் என்றால் ஒன்றுதான். தேயிலை மலை, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகள், காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களம், கொழுந்து அரைக்கிற ஸ்டோரு, தொரை பங்களா எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டம். வீட்டுக்குப் பின்னால் ரோஜாச் செடி வைக்கிற ஒரு துண்டு நிலத்தையும் சிலர் தோட்டம் என்று சொல்வார்கள் என்பது ஸ்பிரிங்வெளி லயத்தில் பிறந்த எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அதனால் அந்தப் பெண்ணும் எங்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய வீடு என்கிறார்களே, சரி, கணக்கப்பிள்ளையின் மகளாக இருக்கும். முதல் புத்தகத்தில் ஊர்ப் பெயர் இல்லை, கடல் சத்தம் கேட்கும் என்று மட்டும் எழுதியிருந்தது. ஹல்துமுல்லைப் பக்கம் வானம் தெளிந்திருந்தால் கடல் தெரியும் என்று அப்பா எப்போதோ சொன்னதை வைத்துக்கொண்டு, அவளுடைய தோட்டம் ஹல்துமுல்லையில் இருக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வேலை நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாளே, கங்காணி ஏச மாட்டாரா என்பது ஒன்றுதான் எனக்கு இருந்த கவலை.

தோட்டத்துப் பெண் ஒருத்தி கதை எழுதுகிறாள், புத்தகத்திலேயே வந்துவிட்டாள். அப்படியென்றால் நானும் எழுதலாம். எனக்கு எழுத்து வந்தது இந்தத் தப்பான எண்ணத்தால்தான். இதைப் பேச்சின் தொடக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று குறித்துக்கொண்டேன்.

புத்தகங்கள் எங்களுக்குக் கிடைத்தது அக்காவால். அக்கா மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். அந்தக் காலத்தில் எங்கள் லயத்தில் ஒவ்வொரு காம்பரா வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளையாவது அப்படிப் போயிருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு வருவாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்து முடித்துத் தூக்கிப் போட்ட புத்தகத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும்தான் தெரியும். அதனால் நான் வாசிக்க வேண்டும். பகல் சாப்பாடு முடிந்ததும் காம்பரா வாசலில் உட்கார்ந்து நான் வாசிப்பேன், அவள் என் தலையில் பேன் பார்த்துக்கொண்டே கேட்பாள்.

மூன்றாவது புத்தகத்தில் அந்த வீட்டுக்கு ஒரு வேலைக்காரப் பிள்ளை வருகிறது. மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வந்தது என்று ஒரே வரி. பெயர் கூட இல்லை, 'தோட்டத்துச் சிறுமி', அவ்வளவுதான். தேநீர் கொண்டு வரும், பாத்திரத்தை உடைக்கும். "நா வூட்டுக்குப் போறேனுங்க" என்று நாளுக்கு நாலு தடவை சொல்லும். அது பேசுகிறதைக் கேட்டு வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். நம்முடைய கதாநாயகி காதிலிருந்த பென்சிலை எடுத்து அது பேசுகிற பேச்சை அப்படியே எழுதிக்கொள்வாள். பிறகு அதை ஒரு கட்டுரையாக்கிப் போட்டிக்கு அனுப்புவாள், அடுத்த அத்தியாயத்தில் அதற்கு முதல் பரிசும் கிடைக்கும். போட்டிக்கு அனுப்பிய அன்று வீட்டில் விருந்து. வந்தவர்களுக்குக் கட்டுரையை வாசித்துக் காட்டுகிறாள், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துச் சிறுமி தேநீர்த் தட்டோடு உள்ளே வருகிறது. அத்தியாயம் அங்கே முடிகிறது.

நாலாவது புத்தகத்தில் அது இல்லை. ஐந்திலும் இல்லை, ஆறிலும் இல்லை. இந்தத் தடவை நான் விடாமல் தேடினேன். மூன்றாவது புத்தகத்துக்குப் பிறகு அந்த வீட்டில் தேநீர் வருகிறது, கொண்டு வருகிற ஆள் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பேச்சு மளமளவென்று எழுதி முடிந்துவிட்டது. 'இவள் எழுத்தாளர் இல்லை, திருடி' என்று ஒரு இடத்தில் எழுதினேன். 'அடுத்தவருடைய அழுகையில் தன் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டவள்' என்று இன்னொரு இடத்தில். அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இந்த வயதில் அதையெல்லாம் செய்தேன் என்று இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்த வாரம் அக்காவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கண்ணில் ஆபரேஷன் நடந்திருந்தது. ஒரு கண்ணைக் கட்டியிருந்தார்கள். குனியக் கூடாது, அடுப்படிக்குப் போகக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. அவளுக்கு இது ஜெயில். கொழும்பிலிருந்து திரும்பி வந்து, கல்யாணம் முடித்து, கொழுந்து பறித்து, ஓய்வும் வாங்கி, இப்போது அதே ஸ்பிரிங்வெளியில் தனியாக இருக்கிறாள். சொட்டு மருந்து விடுவதற்காக நான் பஸ் ஏறிப் போனேன். புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டேன். பேச்சு எழுதிய தாளை அதன் உள்ளே மடித்து வைத்திருந்தேன்.

"என்னா பாப்பா அது, செங்கல்லு மாதிரி?" என்றாள் அக்கா. பேரப்பிள்ளை எடுத்த பிறகும் நான் அவளுக்குப் பாப்பாதான்.

இன்ன புத்தகம் என்று சொன்னதும் நாற்காலியிலிருந்து எழும்பியே விட்டாள். "அந்த எழுதுற புள்ள கதையா? கொய்யா மரத்துப் புள்ளயா?"

"ஆமாக்கா. உக்காரு. ஆடாத."

"நல்ல புள்ள அது. துருதுருன்னு இருக்கும். வாசி வாசி. சும்மாதான கெடக்கேன்."

நல்ல பிள்ளை! நான் கட்டை விலக்கி மருந்தை விட்டு மறுபடி கட்டினேன். முதல் புத்தகத்திலிருந்து கொஞ்சம் வாசித்தேன். கதாநாயகி வாயைத் திறக்கும் இடத்துக்கெல்லாம் அக்கா சிரித்தாள். பல இடத்தில் அடுத்து என்ன வரும் என்று எனக்கு முன்னாலேயே சொன்னாள். நான் சாப்பாடு மறந்து திரும்பப் படித்ததை, ஒரே தடவை கேட்டுவிட்டு இத்தனை காலம் வைத்திருக்கிறாள். அவளுக்குக் கேட்கக் கிடைத்தது வருடத்துக்கு ஒரு புத்தகம், அதுவும் தீபாவளி அன்றைக்கு மட்டும்.

"அந்தத் தேத்தண்ணிப் புள்ள வருமே," என்றாள் திடீரென்று. "தட்டெல்லாம் ஒடைக்குமே. அத வாசி."

அந்தப் பகுதியை அவளுக்கு வாசிக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே நினைத்திருந்தேன். அவளுடைய மனம் நோகும் என்றுதான் நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நோகப் போகிறது என் மனம் என்று எனக்குத் தெரியும்.

ஏனென்றால் அந்த அத்தியாயத்தை முதல் தடவை வாசித்த மத்தியானம் எனக்கு நினைவிருக்கிறது. "நா வூட்டுக்குப் போறேனுங்க" என்று வருகிற இடத்தையெல்லாம் நான் குரலை மாற்றி, மூக்கால் வாசித்தேன். அது எங்கள் பேச்சு. எங்கள் அம்மா பேசுகிற பேச்சு. அதைக் கேலியாக வாசிக்க எனக்கு அப்படி ஒரு குஷி. என் தலையில் அக்காவின் விரல் நின்றுபோனது. அவள் கேட்டது ஒரே கேள்விதான். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போச்சா? எனக்கோ கதாநாயகிக்குப் பரிசு கிடைத்ததா என்று பார்க்கிற அவசரம். என்னவோ சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டு மேலே வாசித்தேன். என்ன சொன்னேன் என்பது கூட ஞாபகம் இல்லை.

அந்தத் தடவை அக்காவுக்குத் திரும்பிப் போக விருப்பம் இல்லை. பதுளை ஸ்டேஷனில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாள். அம்மாவும் அழுதுகொண்டு நின்றார். இன்னும் ஒரு ஆள், யாராவது ஒரு ஆள், "வேணாம்மா, அக்கா இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தால் அம்மா திரும்பிக் கூட்டி வந்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பக்கத்தில் நான்தான் நின்றேன். "மறக்காம நாலாவது புத்தகம் கொண்டாக்கா," என்றேன்.

என் முதல் கதையே அந்த ஸ்டேஷன்தான். முந்தானை இருக்கிறது, அழுகை இருக்கிறது, அக்கா பேசுகிற இரண்டு வரியும் இருக்கிறது. மண்ணின் மொழி என்று பாராட்டினார்கள், மாகாண மட்டத்தில் பரிசும் கொடுத்தார்கள். நாலாவது புத்தகம் மட்டும் அந்தக் கதையில் இல்லை. ரயில் போன பிறகு அக்காவும் இல்லை. அடுத்து எழுதிய எந்தக் கதையிலும் அவள் வரவில்லை. திருடி என்று நான் எழுதிய தாள் மடியில் புத்தகத்துக்குள் இருந்தது. அதை எடுத்து அடுப்பில் போடலாமா என்று நினைத்தேன். அதையும் அக்கா என்ன ஏது என்று கேட்பாள்.

"என்னா, எழுத்து தெரியலயா? கண்ணு ஆபரேசன் ஒனக்கா எனக்கா?" என்றாள் அக்கா.

வாசித்தேன். இந்தத் தடவை குரலை மாற்றவில்லை. விருந்து வந்தது, சிரிப்பு வந்தது, தேநீர்த் தட்டு வந்தது. அத்தியாயம் முடிந்தது. அக்கா கட்டாத கண்ணால் வெளியே வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் அந்தப் புள்ளைய அவுங்கம்மா வந்து கூட்டிட்டுப் போகுமே, அது எப்ப வரும்?"

"அப்பிடி ஒண்ணும் இல்லயேக்கா. அதுக்கப்புறம் அந்தப் புள்ளைய எழுதவே இல்ல."

"என்னா இல்லங்கிற? நீதான வாசிச்ச. அவுங்கம்மா ரயிலேறி வந்து, வாசல்ல நின்னு கூப்பிட்டு, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருச்சுன்னு."

நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வாயை அடைக்க நான் சொன்னது என்னவென்று இப்போது தெரிந்தது.

"அது நாஞ் சும்மா சொன்னதுக்கா," என்றேன். "புத்தகத்துல இல்ல."

அக்கா சிரித்தாள். கோபத்தை மறைக்கிற சிரிப்பு இல்லை, உண்மையாகவே சிரித்தாள்.

"அட பாவி. புத்தகத்துலயே இருக்கு, நம்மளுக்கும் அப்பிடித்தான்னு நெனச்சுக்கிட்டு, கேட்டுல ஆளு சத்தம் கேட்டாப் போதும், கையில இருக்குறத அப்பிடியே போட்டுட்டு ஓடுவேன். அம்மா வந்துருச்சின்னு. அந்த வூட்டம்மாகிட்ட எத்தன ஏச்சு வாங்கிருக்கேன் தெரியுமா, ரெண்டு மூணு வருசம்."

எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் கட்டுப் போட்ட கண்ணை லேசாகத் தொட்டுச் சரி செய்துகொண்டு, நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துவிட்டாள்.

"சரி, மேல வாசி," என்றாள். "எழுதுன புள்ளைக்குப் பரிசு கெடைச்சதா இல்லையா?"

"கெடைச்சுச்சுக்கா," என்றேன்.